சங்கத்தின் பலம் எங்கே இருக்கிறது?

கேள்வி: ஒரு தொழிற்சங்கத்தின் பலத்தை ஆய்வாளர்கள் எதை வைத்து எடைபோடுகிறார்கள்? உறுப்பினர் எண்ணிக்கைதானே கணக்கு?

பதில்: எண்ணிக்கை ஒரு பகுதிதான். அமெரிக்கச் சமூகவியலாளர் எரிக் ஓலின் ரைட், தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதால் வரும் பலம் வேறு, உற்பத்தியில் அவர்கள் நிற்கும் இடத்தால் வரும் பலம் வேறு என்று பிரித்துக் காட்டினார். இன்னொரு சமூகவியலாளரான பெவர்லி சில்வர் 2003இல் வெளியிட்ட நூலில் அதை உலக வரலாற்றின் மீது வைத்துப் பார்த்தார்.

இடத்தால் வரும் பலத்துக்கு ஓர் உதாரணம்: 1936 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரின் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். சங்கத்தில் இருந்தவர்கள் சிறுபான்மைதான். ஆனால் அவர்கள் நிறுத்திய ஆலைகளை நம்பியே மற்ற ஆலைகள் ஓடின. 44 நாட்களில் நிறுவனம் இறங்கிவந்து சங்கத்தை அங்கீகரித்தது.

வங்கதேசத்தின் தையல் ஆலைப் பெண்களுக்கு அந்த இடம் வாய்க்கவில்லை. ஓர் ஆலை நின்றால் ஆர்டர் அடுத்த ஆலைக்கு, அடுத்த நாட்டுக்குப் போய்விடும். டாக்காவை அடுத்த சாவரில், தையல் ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடத்தில் முந்தின நாளே விரிசல் கண்டிருந்தது. அப்படியும் 2013 ஏப்ரல் 24 அன்று அவர்களை உள்ளே அனுப்பினார்கள். கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உள்ளே போகமாட்டோம் என்று சேர்ந்து நின்று சொல்ல அங்கே சங்கம் இல்லை. சங்கம் அமைக்கும் உரிமையை 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் 23ஆம் பிரிவில் வைத்திருப்பது சலுகையாக அல்ல; அது உயிர் காக்கும் உரிமை என்றே நான் கருதுகிறேன்.

ராணா பிளாசா இடிந்த அடுத்த மாதமே சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள், ஆடை வாங்கும் பெரு நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தன. ஆபத்தான கட்டடத்துக்குள் நுழைய மறுக்கும் உரிமையையும் அது தொழிலாளிக்குத் தந்தது.