கிளிமீனை அறிவோம்

நெய்தல் நில மக்கள் மீனுக்குப் பெயரிடுங்கால் அதன் தோற்றத்தையே முதலில் நோக்குவர். பச்சையும் நீலமும் விரவிய மேனி, கிளியின் மூக்கை ஒத்த வாய்; ஆதலின் ‘கிளிமீன்’ என்றனர். இம்மீன், இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் அமைந்த 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகளில் வாழ்வதாகும்.

இதன் பற்கள் தனித்தனியே நில்லாமல் ஒன்றாய் இணைந்து அலகாகியுள்ளன. அவ்வலகினால் பாறைமேல் படர்ந்த பாசியை இது சுரண்டித் தின்னும். உடன் பெயர்ந்துவரும் சுண்ணாம்பைத் தொண்டையிலுள்ள மற்றொரு பல்தொகுதி மாவாக அரைக்கும். அரைபட்டது வெண்மணலாய் வெளியேறும். மாலத்தீவின் வக்காரு தீவைச் சூழ்ந்த பாறைத்திட்டில் புதிதாய் உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது கிளிமீன்களால் விளைவதே என 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

மணல் தருவதினும் பெரிது, பாசியைக் களையும் பணி. பவளத்தின் இளவுயிர் பற்றி வளரத் தூய பாறைப்பரப்பு வேண்டும். பாசி மண்டினால் அதற்கு இடமில்லை. கடல்நீர் மிகவும் வெப்பமுற்ற 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளிறின, பல மடிந்தன. மடிந்த இடத்தில் மீண்டும் பவளம் தழைக்க வேண்டுமாயின் பாசியை மேயும் மீன்கள் இருத்தல் இன்றியமையாதது.

சுண்ணாம்பிற்காகப் பவளப் பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவை நம் கடற்கரை நன்கறியும். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் அமிழ்ந்தன. இன்று பவளம் எடுத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஆயினும், பாறையைக் காத்துவிட்டு அதனைத் துப்புரவு செய்யும் மீனை அழித்தல் அரைகுறைக் காவலேயாம். இதனையுணர்ந்த நடு அமெரிக்க நாடான பெலீசு, 2009இல் கிளிமீன் பிடித்தலைத் தடை செய்தது.

மற்றொன்றும் அறியத்தக்கது. பெரும்பாலான கிளிமீன் இனங்களில், பெண்ணாய் வாழ்ந்த மீன் வளர்ந்தபின் ஆணாக மாறும். ஒளிமிக்க வண்ணமும் பெரிய உடலும் கொண்டவை பெரிதும் ஆண்களே. பெரியவற்றையே நாடிப் பிடிப்போமாயின் ஆண்மீன்கள் அருகும். பாறையை மிகுதியாய்ச் சுரண்டுவனவும் இல்லாமற் போகும்.

கடலின் உணவை நமக்கு ஆகுமாக்கிய இறைவன், வீண்விரயத்தை விலக்கியுமுள்ளான். கடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆகவே, கிளிமீன் பிடிப்பில் அளவு காப்பது குறித்து நம் ஊர்ப் பெரியோரும் மீனவரும் கலந்து பேசுதல் நலம். கடலோர மாணவர்கள் இச்செய்தியைத் தம் இல்லங்களுக்கு எடுத்துச் செல்வார்களாக.