பழைய முத்திரை வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

முத்திரை சேகரிப்பவர் சில சதங்களுக்கு வாங்கி ஏமாந்தால் நட்டம் சிறிது. அரிய முத்திரையொன்றுக்கு ஒரு மாதச் சம்பளத்தையே கொடுக்க முன்வரும்போது, விற்பவரின் சொல்லை மட்டும் நம்புவது போதாது. பாவித்த பழைய முத்திரைகளில் செய்யப்படும் மாற்றங்கள் எவை, அவற்றை அறிவது எப்படி என்பதை நம் நாட்டு முத்திரைகளைக் கொண்டே பார்ப்போம்.

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் முதலாந் திகதி வெளிவந்த ஆறு பென்ஸ் முத்திரையாகும். 1859 ஏப்ரலில் வந்த மங்கிய றோசா நிற நான்கு பென்ஸ் முத்திரையே இவ்வரிசையில் மிகவும் புகழ் பெற்றது. இவை லண்டனில் அச்சிடப்பட்டவை, ஓரத்தில் துவாரமில்லாதவை. கத்தரிக்கோலால் வெட்டியே பாவித்தார்கள். 1861 முதல் துவாரமிட்ட முத்திரைகள் வந்தன.

1. விளிம்பு

துவாரமிட்ட நான்கு பென்ஸ் முத்திரை பன்மடங்கு மலிவானது. அதன் பற்களை வெட்டிவிட்டால் துவாரமில்லாததைப்போல் தோன்றும். ஆகவே படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை அளந்து பாருங்கள். பல்லுள்ள முத்திரையிலிருந்து வெட்டியெடுக்க முடியாத அளவுக்கு ஓரம் அகலமாயிருந்தால் நம்பலாம். ஒடுங்கியிருந்தால் சந்தேகியுங்கள்.

இதற்கு மாறான மோசடியும் உண்டு. பழுதான ஓரத்தை வெட்டிப் புதிதாகத் துவாரமிடுவார்கள். நான்கு பக்கத்தையும் துவார அளவியில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கணக்கில் வேறுபட்டாலோ, பற்களின் நுனி நாரின்றி மழுமழுவென்றிருந்தாலோ எச்சரிக்கையாயிருங்கள்.

2. மூலைகள்

நான்கு பென்ஸ் முத்திரையின் படம் எண்கோண வடிவானது. அக்காலத்தில் பலர் அவ்வடிவிலேயே கத்தரித்துக் கடிதத்தில் ஒட்டினர். அவ்வாறு வெட்டியதற்கு விலை மிகக் குறைவு. அதனால் நான்கு மூலைகளுக்கும் வேறு கடதாசி ஒட்டி நாற்கோணமாக்கி விற்பவர்கள் உண்டு. முத்திரையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒட்டிய கோடு தெரியும்.

3. முதுகு

முத்திரையைச் சாமணத்தால் எடுத்து முதுகைப் பாருங்கள். அல்பத்தில் ஒட்டிய தாளைப் பிய்த்தபோது கடதாசி மெலிந்திருக்கலாம். உரிமையாளரின் அனுமதியோடு, கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்து, நீர்க்குறி பார்ப்பதற்கென விற்கப்படும் திரவத்தில் சில துளிகள் விடுங்கள். மெலிந்த இடம் கரும்புள்ளியாகவும், மடிப்பு கருங்கோடாகவும் தோன்றும். இத்திரவம் எளிதில் தீப்பற்றும். விளக்கருகே பாவிக்க வேண்டாம்.

ஊதாக்கடந்த கதிர் விளக்கும் உதவும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வந்த கடதாசிகள் பல அதன் கீழ் பளிச்சென்று ஒளிரும். பழைய முத்திரையில் ஓரிடம் மட்டும் அவ்வாறு ஒளிர்ந்தால், அங்கே கைவேலை நடந்திருக்கிறது.

4. தபாற்குறி

பாவித்த முத்திரைக்குச் சாட்சி அதன் தபாற்குறியே. முத்திரை வெளிவருமுன்னான திகதி இருந்தால் பொய் வெளிப்படும். கிழிசலையோ ஒட்டையோ மறைக்கவும் பொய்க்குறி இடுவார்கள். மை அடர்ந்த இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நன்றாகப் பாருங்கள்.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து ஐந்நூறு, ஆயிரம் ரூபா முத்திரைகள் தபாலுக்கும் வரிக்கும் பொதுவானவை. பெரும்பாலும் உறுதிகளிலும் பத்திரங்களிலுமே ஒட்டப்பட்டன. பேனாக் கோட்டை இரசாயனத்தால் அழித்தும், குத்திய துவாரத்தை அடைத்தும், தபாற்குறி குத்தி விற்பதுண்டு. நிறம் வெளிறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அழித்த மையும் மேற்கூறிய விளக்கில் பல வேளைகளில் தெரியவரும்.

5. சான்றிதழ்

பெருந்தொகை கொடுக்குமுன் நிபுணர் சான்றிதழ் கேளுங்கள். லண்டன் றோயல் முத்திரைச் சங்கத்தின் நிபுணர் குழு 1894 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. சான்றிதழிலுள்ள படத்தையும் கையிலுள்ள முத்திரையையும் ஓரம் ஓரமாக ஒப்பிடுங்கள். தாள் உண்மையானதாகவும் முத்திரை வேறாகவும் இருக்கலாம். சான்றிதழில் “பழுது பார்க்கப்பட்டது” என்றிருந்தால் அதற்கேற்ற விலையே கொடுங்கள்.

பழுது பார்த்த முத்திரையை விற்பது குற்றமன்று; அதைச் சொல்லாமல் விற்பதே குற்றம். நாளை உங்கள் அல்பம் பிள்ளைகள் கைக்கோ இன்னொருவர் கைக்கோ போகும். ஆகவே நீங்கள் கண்ட குறைகளை இன்றே ஒவ்வொரு முத்திரையின் கீழும் பென்சிலால் எழுதி வையுங்கள்.