பட்டியலில் உன் படம் இல்லையென்றால்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேசியத் திரைப்பட விருதுப் பட்டியலில் உனக்குப் பிடித்த படம் இல்லை என்ற கோபம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. "அப்படியானால் இந்த விருதுக்கு என்னதான் மதிப்பு மாமா?" என்று கேட்டிருக்கிறாய். பதினோராம் வகுப்பில் இருப்பவள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆம், இல்லை என்று ஒரு வரியில் முடிக்க எனக்கு விருப்பமில்லை. இந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது, அதை எப்படிப் படிப்பது என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

இந்த விருதுகள் 1954-இல் தொடங்கின. முந்தைய ஆண்டுப் படங்களைப் பார்த்து, முதல் தங்கப் பதக்கத்தை ஆச்சார்ய ஆத்ரே இயக்கிய 'ஷ்யாம்ச்சி ஆயி' என்ற மராத்திப் படத்துக்குக் கொடுத்தார்கள். அடுத்த முறை தமிழில் 'மலைக்கள்ளன்' வெள்ளிப் பதக்கம் வாங்கியது. அதற்கும் அடுத்த முறை 'பதேர் பாஞ்சாலி'. ஆனால் அந்த நாட்களில் விருது படத்துக்கு மட்டும்தான். நடிகருக்கும் நடிகைக்கும் இயக்குநருக்கும் தனித்தனி விருது என்பது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. நடிப்புக்காக முதலில் வாங்கியவர்கள் வங்காளத்தின் உத்தம் குமாரும் இந்தியின் நர்கிஸும்.

இந்த ஒரு தகவல் தெரிந்தால் நம் வீடுகளில் தலைமுறையாக இருந்துவரும் ஒரு வருத்தத்தைக் கொஞ்சம் வேறு விதமாகப் பார்க்க முடியும். சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. ஏன் என்று உன் தாத்தாவைக் கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். 'பராசக்தி' 1952, 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959, 'பாசமலர்' 1961, 'கர்ணன்' 1964, 'திருவிளையாடல்' 1965. இவை வந்த ஆண்டுகளில் அப்படியொரு விருதே கிடையாது. கட்டபொம்மனுக்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழா அவரைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தது; டெல்லியில் அதைச் செய்ய ஏற்பாடு இல்லை. ஆனால் இது பாதி விளக்கம்தான். 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது, 1970-இல் 'வியட்நாம் வீடு' வந்தது. அப்போது விருது இருந்தது. மோகனாம்பாளுக்குச் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும் கிடைத்தது. நாயனம் வாசித்த அந்தக் கன்னத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை. அதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். விருது கொடுப்பவர்கள் தவறலாம், தவறியிருக்கிறார்கள்.

யார் அந்த விருது கொடுப்பவர்கள்? சினிமாவில் வேலை செய்தவர்களும் சினிமாவைப் பற்றி எழுதுபவர்களும் கொண்ட ஒரு குழு. மத்திய அரசு அமைக்கிறது. இப்போது இரண்டு அடுக்காகப் பார்க்கிறார்கள்: முதலில் ஐந்து மண்டலக் குழுக்கள், அவற்றில் தெற்குக்கு மட்டும் இரண்டு, அவை தேர்ந்தெடுத்து அனுப்புவதை மையக் குழு பார்த்து முடிவு செய்கிறது. படத்தைத் தயாரிப்பாளர்தான் போட்டிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாத படம் எவ்வளவு நல்ல படமானாலும் குழுவின் கண்ணில் படாது. தமிழ் தெரியாதவர்கள் துணைத்தலைப்பு வழியாகப் பார்க்கிறார்கள். வடிவேலு பேசுவதைத் துணைத்தலைப்பில் படித்துப் பார், எவ்வளவு தப்பிப் போகிறது என்று புரியும். நம் ஊர்ப் பேச்சின் நயத்தையே நம்பி நிற்கும் படங்களுக்கு இது பெரிய நஷ்டம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, ஆண்டுக் கணக்கு. ஒரு படம் தியேட்டருக்கு வந்த நாளை அவர்கள் பார்ப்பதில்லை, தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய நாளைத்தான் பார்க்கிறார்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதனால்தான் பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' 2009-இல் திரைக்கு வந்திருந்தும் 2007-ஆம் ஆண்டின் சிறந்த படமாக அறிவிக்கப்பட்டது. 'சூரரைப் போற்று' தியேட்டரைப் பார்க்காமல் நேராக ஓடிடியில் வந்தும் 2020-இன் சிறந்த படம் ஆனது. அறிவிப்பு வந்தது 2022 ஜூலையில், விழா செப்டம்பரில். உன் படம் இல்லையே என்று பதறுவதற்கு முன் அது எந்த ஆண்டின் கணக்கில் வரும் என்று பார்த்துவிடு. அடுத்த பட்டியலுக்கு உரியதாகவே இருக்கலாம்.

சரி, விதிகள் போதும். ஒரே ஒரு ஆண்டை எடுத்துக்கொண்டு பட்டியலை முழுதாகப் படித்துப் பார்ப்போம். நான் எடுப்பது 1987.

அந்த ஆண்டில் உனக்குத் தெரிந்த படம் எது என்று எனக்குத் தெரியும்: 'நாயகன்'. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகர், பி.சி. ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவு, தோட்டா தரணிக்குக் கலை இயக்கம் என மூன்று விருதுகள். இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டதும் அதுதான். மணிரத்னத்துக்கு அந்த ஆண்டு சிறந்த இயக்குநர் விருது இல்லை, அது 'அனந்தரம்' எடுத்த அடூர் கோபாலகிருஷ்ணனுக்குப் போனது. சிறந்த தமிழ்ப் படமாகவும் 'நாயகன்' தேர்வாகவில்லை. இங்கேதான் நீ கோபப்படுவாய். கோபப்படு. ஆனால் அந்த இடத்தில் எந்தப் படத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கோபப்படு. பாலு மகேந்திராவின் 'வீடு'.

மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, இங்கே வந்து படமெடுத்தவர் பாலு மகேந்திரா. 'வீடு' படத்தின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சென்னையில் வாடகை வீட்டில் தாத்தாவோடும் தங்கையோடும் இருக்கும் ஒரு பெண், அலுவலக வேலைக்குப் போகிறவள், வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டத் தொடங்குகிறாள். அவ்வளவுதான். பாட்டு ஒன்றுகூட இல்லை. பின்னணியில் வருவது இளையராஜா முன்பே வெளியிட்டிருந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பின் பகுதிகள். வில்லன் என்று அரிவாளோடு ஒருவரும் வருவதில்லை. கான்ட்ராக்டர் ஏமாற்றுகிறார், பணம் பாதியில் தீர்கிறது, மழை வந்து வேலை நிற்கிறது. அவளுக்காக நியாயம் பேசுவது ஒரு சித்தாள்.

தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர், பழைய நாடக மேடைக்காரர். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்க அந்தக் கிழவர் தனியாகக் கிளம்பிப் போகும் பகுதி ஒன்று இருக்கிறது. தமிழ் சினிமாவில் அதற்கு இணையாக நான் வைக்கக்கூடிய காட்சிகள் மிகக் குறைவு. அவர் சுவரைத் தொடும்போது உனக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கு எழுது. பேத்தியாக நடித்த அர்ச்சனாவுக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அவர் அழுது காட்டி அதை வாங்கவில்லை. கடைசியில் என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை.

இப்போது அதே பட்டியலில் மேலே போ. இந்திய அளவில் அந்த ஆண்டின் சிறந்த படம் ஓர் அசாமியப் படம்: ஜானு பருவா இயக்கிய 'ஹலோதியா சோராயே பாவோதான் காய்'. ரசேஸ்வர் என்ற ஏழை விவசாயியின் நிலத்தை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தன்னுடையது என்கிறார். அவன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறான். அதில் நடித்த இந்திரா பனியாவுக்குச் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஒருத்தி கையளவு மனையில் வீடு கட்டத் தவிக்கிறாள். நாட்டின் இன்னொரு கோடியில் ஒருவன் இருக்கும் நிலத்தைக் காப்பாற்றத் தவிக்கிறான். ஒரே ஆண்டில், ஒருவரை ஒருவர் பார்க்காமல், இரண்டு இயக்குநர்கள் அரசு அலுவலகத்தின் மேசைக்கு முன்னால் நிற்கும் சாதாரண மனிதரைப் படம் எடுத்திருக்கிறார்கள். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் எனக்கு அந்த அசாமியப் படத்தின் பெயரே தெரிந்திருக்காது. மூன்று விருதோடு 'நாயகன்' எப்படியும் என் தலைமுறையைத் தாண்டி உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு யார் துணையும் வேண்டியிருக்கவில்லை. 'வீடு' உன்னிடம் வந்து சேர ஏதோ ஒரு பட்டியலும் யாரோ ஒரு மாமாவும் தேவைப்படுகிறார்கள். விருதின் மதிப்பு என்று நீ கேட்டாயே, எனக்கு அது இங்கேதான் இருக்கிறது.

அதே ஆண்டில் பாரதிராஜாவின் 'வேதம் புதிது', வசனமே இல்லாத 'பேசும் படம்' இரண்டும் விருது வாங்கின என்பதையும் சேர்த்துக்கொள். விடுமுறையில் நான்கு தமிழ் நாட்களும் ஓர் அசாமிய நாளும் உனக்குத் தயார்.

நடிகர், நடிகை பெயர்களைப் படித்ததும் பட்டியலை மூடிவிடும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. செய்தித்தாள்களே அப்படித்தான் போடுகின்றன. நீ கீழேயும் படி. படத்தொகுப்பு என்ற தலைப்பில் கிஷோர் என்ற பெயரை 2010-ஆம் ஆண்டுக்குரிய பட்டியலில் பார்ப்பாய், படம் 'ஆடுகளம்'. சேவல் சண்டைக் காட்சிகளை இன்னொரு முறை பார், ஒவ்வொரு வெட்டும் எங்கே விழுகிறது என்று கவனி. 2015-ஆம் ஆண்டுக்குரிய பட்டியலில் 'விசாரணை' படத்துக்காக அதே பெயர் மறுபடி வரும். ஆனால் அந்தப் படம் திரைக்கு வருமுன்பே, 2015 மார்ச்சில், 36 வயதில் அவர் இறந்துவிட்டார். ஒலிப்பதிவு என்ற தலைப்பில் எச். ஸ்ரீதரின் பெயரைத் தேடு: 'லகான்' படத்துக்கும் வாங்கினார், 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துக்கும் வாங்கினார். 'ஆடுகளம்' வாங்கிய விருதுகளிடையே நடுவர் குழுவின் சிறப்புக் குறிப்பு ஒன்றும் உண்டு. அது பேட்டைக்காரராக நடித்த ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனுக்கு. கேமரா முன் அவர் நின்ற விதத்தை மறக்க முடியாது.

உன் வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். 'பசி' படத்துக்காகச் சிறந்த நடிகையானபோது ஷோபாவுக்கு வயது 17. 2014-ஆம் ஆண்டுக்குரிய பட்டியலில் 'காக்கா முட்டை' சிறுவர்கள் விக்னேஷும் ரமேஷும் குழந்தை நட்சத்திர விருது வாங்கினார்கள். அதே பட்டியலில் 'சைவம்' படத்தில் பாடிய உத்தரா உன்னிகிருஷ்ணன் சிறந்த பின்னணிப் பாடகி, அப்போது 10 வயது.

விழாவைப் பற்றியும் கேட்டிருந்தாய். டெல்லி விஞ்ஞான் பவனில் குடியரசுத் தலைவர் கையால் கொடுப்பது வழக்கம். 2018 மே மாதம் நடந்த விழாவில், பதினோரு பேருக்கு மட்டும் அவர் கொடுப்பார், மற்றவர்களுக்கு அமைச்சர் கொடுப்பார் என்று கடைசி நேரத்தில் சொல்லப்பட்டது. விருது பெற்றவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் விழாவுக்குப் போகவில்லை. அன்று சிலர் அதைப் பிடிவாதம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒளிப்பதிவாளரோ ஆவணப்பட இயக்குநரோ வாழ்நாளில் ஒருமுறை அந்த மேடையில் ஏறுவார். அந்த ஒரு நிமிடத்தில் யாருக்கு யார் கொடுப்பது என்று தரம் பிரித்தால் வலிக்கத்தான் செய்யும். அந்த மேடையில் எல்லாத் துறையும் ஒன்று என்பதுதான் இந்த விருதின் அழகே.

அந்த விழாவுக்குரிய பட்டியலில் சிறந்த தமிழ்ப் படம் செழியனின் 'டுலெட்'. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகு சென்னையில் வேறு வீடு தேடி அலையும் ஒரு கணவன், மனைவி, சின்னப் பையன். 'வீடு' வந்து 30 ஆண்டு கழித்து, அதே நகரத்தில். இதிலும் பாட்டு இல்லை. ஆனால் 1987-இல் ஓர் அலுவலக ஊழியை வீடு கட்டவாவது கனவு கண்டாள். இதில் வரும் குடும்பத்துக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைப்பதே பெரும்பாடு. ஐ.டி. சம்பளம் வந்த பிறகு சென்னை வாடகை என்ன ஆனது என்று உன் அம்மாவைக் கேள், அவள் அந்த நாட்களைப் பார்த்தவள்.

முதலில் 'வீடு', ஒரு வாரம் கழித்து 'டுலெட்' என்ற வரிசையில் பார். பார்த்த பிறகு உன் படத்தைப் பற்றிய வழக்கை மறுபடி எடுத்து வா. அதற்கு எந்த விருது கிடைத்திருக்க வேண்டும், எந்தத் துறைக்கு, அந்த ஆண்டு அந்த விருதை வாங்கியவரைவிட உன் ஆள் எந்தக் காட்சியில் நன்றாகச் செய்தார் என்று காட்சியைச் சொல்லி எழுது. நீ எழுதுவதில் நியாயம் இருந்தால் உன் பக்கம் சேர்ந்துகொள்ள எனக்குத் தயக்கமில்லை.

அன்புடன்,
மாமா