ரிப்போர்ட்டில் உள்ள மில்லிமீட்டரை எப்படிப் படிப்பது?

காதுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டை வாங்கிப் பிரித்தால், '1.3 மி.மீ.', '34 மி.மீ.' என்று அளவுகள் கண்ணில் படுகின்றன. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கும். அதற்குள் செல்போனில் தேடி, 'இயல்பான அளவு' என்று எங்கோ போட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் பலர். மண்டையோட்டின் சின்னஞ்சிறு எலும்புகளை ஸ்கேனில் அளக்க முடியும், அது பயனுள்ளதும்கூட. ஆனால் எந்த வகை ஸ்கேன், எந்தக் கோணம், எந்த இரு புள்ளிகளுக்கு நடுவே என்ற மூன்றும் தெரியாதவரை அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

எந்த ஸ்கேன்?

நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சுத்தி எலும்பின் நீளம் சுமார் 8 மி.மீ. உடம்பிலேயே மிகச் சிறியதான அங்கவடி, அரிசிமணியில் பாதி இருக்கும்: உயரம் 3 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும், எடை சுமார் 3 மில்லிகிராம். அதன் இரண்டு கால்களும் அரை மி.மீ. கனம்கூடத் தேறாது.

தலையில் அடிபட்டால் எடுக்கிற சாதாரண சி.டி.யின் படங்கள் பெரும்பாலும் 5 மி.மீ. தடிமன் கொண்ட துண்டுகளாகவே ஃபிலிமில் வரும். அப்படி ஒரு துண்டுக்குள் அங்கவடி முழுசாக அடங்கி, பக்கத்தில் உள்ள காற்றோடு கலந்து மங்கிப்போகும். அதனால்தான் காது டாக்டர் சீட்டில் 'டெம்போரல் போன் ஹெச்.ஆர்.சி.டி.' என்று தனியாக எழுதுகிறார். அதில் துண்டின் தடிமன் 0.6 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. "போன மாதம்தான் தலைக்கு சி.டி. எடுத்தோமே, மறுபடியும் எதற்கு?" என்று கேட்பதில் நியாயம் உண்டு. பழைய ஸ்கேனின் மெல்லிய துண்டுகள் அந்த சென்டரில் இன்னும் இருந்தால், சில சமயம் அதுவே போதும். கேட்டுப் பாருங்கள்.

எம்.ஆர்.ஐ. விலை அதிகம், ஆகவே எல்லாவற்றிலும் அதுதான் உசத்தி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கெட்டியான எலும்பும் காற்றும் எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாகத்தான் விழும். காற்று நிறைந்த அறைக்குள் இருக்கும் எலும்பை அதில் எப்படி அளப்பது? நரம்புக்கும் உட்செவித் திரவத்துக்கும் எம்.ஆர்.ஐ., எலும்புக்கு சி.டி. காக்ளியர் இம்ப்ளான்ட் வைப்பதற்கு முன்னால் பல குழந்தைகளுக்கு இரண்டையும் எடுக்கச் சொல்வது இதனால்தான். பல் மருத்துவமனைகளில் உள்ள கோன் பீம் சி.டி.யிலும் நுண்ணிய எலும்புகள் நன்றாகத் தெரியும். ஆனால் அது சுற்றி முடிக்கச் சில விநாடிகள் கூடுதலாக ஆகும், தலை துளி அசைந்தாலும் படம் கெட்டுவிடும்.

அளவு எங்கே பிசகும்?

சி.டி. படம் பொதுவாக 512-க்கு 512 கட்டங்களால் ஆனது. தலை முழுவதையும், அதாவது சுமார் 24 செ.மீ. அகலத்தை, அந்தக் கட்டங்களில் அடைத்தால் ஒரு கட்டம் ஏறக்குறைய அரை மி.மீ. ஒரு காதை மட்டும் 10 செ.மீ. அகலத்துக்குள் எடுத்தால் ஒரு கட்டம் 0.2 மி.மீ. இப்போது கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அளப்பதை நினைத்துப் பாருங்கள். மவுஸால் ஓர் ஓரத்தில் ஒரு புள்ளி, எதிர் ஓரத்தில் ஒரு புள்ளி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டம் தள்ளி வைத்தாலே 0.4 மி.மீ. கூடிவிடும். 30 மி.மீ. எலும்பில் அது ஒன்றுமில்லை. ஒன்றரை மி.மீ. துளையில் அது கால் பங்குக்கும் மேல்.

படத்தின் வெளிச்ச அமைப்பை மாற்றினாலும் அளவு மாறும். எலும்புக்கான அகலமான அமைப்பில் பார்க்காமல் வேறு அமைப்பில் அளந்தால் எலும்பு தடித்தும், அதிலுள்ள துளை குறுகியும் தெரியும். கோணம் அடுத்த பொறி. இந்த எலும்புகள் எதுவும் நேர்கோட்டில் நிற்பதில்லை. சாய்ந்திருக்கும் எலும்பைக் குறுக்கே வெட்டிய படத்தில் அளந்தால் அதன் உண்மையான நீளம் கிடைக்காது. படத்தை எலும்பின் போக்கிலேயே திருப்பி வைத்துத்தான் அளக்க வேண்டும்.

கோணம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் லாய்ட் மைனர், 1998-ல் ஒரு நோயை விவரித்தார். உட்செவியின் மேல் அரைவட்டக் குழாயை மூடியிருக்கும் எலும்பில் ஓட்டை விழுந்தால், பலத்த சத்தம் கேட்கும்போதே தலை சுற்றும். சி.டி.யில் அந்த எலும்பு மிக மெல்லியதாக இருந்தாலும் ஓட்டை போலவே தெரியும். ஆகவே குழாயின் போக்கில் திருப்பிய படமும், காதுப் பரிசோதனைகளும், நோயாளி சொல்லும் தொந்தரவும் ஒத்துப்போனால் மட்டுமே அந்த முடிவுக்கு வருவார்கள்.

ஒரே எண், இரண்டு தீர்ப்பு

காது கேட்காத குழந்தைகளின் ரிப்போர்ட்டில் 'வெஸ்டிபுலர் அக்விடக்ட்' என்று ஒரு வரி இருக்கும். உட்செவியிலிருந்து எலும்புக்குள் ஓடும் நுண்குழாய் அது. வால்வசோரி, கிளெமிஸ் என்ற இரு மருத்துவர்கள் 1978-ல் வகுத்த கணக்குப்படி, நடுப்பகுதியில் அகலம் 1.5 மி.மீ.யைத் தாண்டினால்தான் பெருத்த குழாய். பின்னாளில் வந்த சின்சினாட்டி அளவுகோல்படி, நடுவில் 1 மி.மீ. அல்லது குழாயின் வாயில் 2 மி.மீ. இருந்தாலே பெருத்ததுதான். உங்கள் குழந்தையின் அளவு 1.3 மி.மீ. என்றால், முதல் கணக்கில் இயல்பு, இரண்டாவதில் இயல்பு அல்ல. எந்த அளவுகோலை வைத்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். ஆடியோகிராமோடு சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். குழாய் பெருத்திருப்பது உறுதியானால், தலையில் அடிபடும் விளையாட்டுகளைத் தவிர்க்கச் சொல்வார்கள். அடிபட்டால் செவித்திறன் திடீரென்று இறங்கக்கூடும்.

தொண்டையில் முள் குத்துவதுபோல் இருக்கிறது என்று போகிறவர்களைப் பயமுறுத்துவது ஸ்டைலாய்டு. காதுக்குக் கீழிருந்து தொண்டைப் பக்கம் இறங்கும் ஊசி போன்ற எலும்பு முனை. டியூக் பல்கலைக்கழகத்தின் வாட் ஈகிள் 1937-ல் இதனால் வரும் வலியை விவரித்தார். 3 செ.மீ.யைத் தாண்டினால் நீளம் என்பது பொதுவான கணக்கு. பல்லுக்கு எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் உருவம் பெரிதாக்கப்பட்டே விழும், தலை சாய்ந்திருந்தால் இன்னும் மாறும். அதில் வரும் 34 மி.மீ.யை அப்படியே நம்பக் கூடாது. எலும்பு உண்மையிலேயே நீளமாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. டான்சில் இருக்கும் குழியில் விரலால் தொட்டு அழுத்தும்போது அதே வலி வருகிறதா என்று டாக்டர் பார்ப்பார். ஆபரேஷன் என்று முடிவானால், அதற்கு முன் முப்பரிமாண சி.டி.யில் நீளம், கோணம், பக்கத்தில் ஓடும் கழுத்துத் தமனியின் தூரம் மூன்றையும் அளப்பது அவசியம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஸ்கேனுக்குப் போகும்போது கம்மல், ஹேர்பின், காது மிஷின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது அப்படிச் சந்தேகம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். எலும்பை மட்டும் பார்க்க ஊசி மருந்து பொதுவாகத் தேவைப்படாது. குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதாக இருந்தால், எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதை அச்சுப்பிசகாமல் பின்பற்றுங்கள். கதிர்வீச்சு பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 1 மில்லிசீவர்ட்டை ஒட்டியே இருக்கும். இயற்கையிலிருந்து உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது 2.4. பயப்பட வேண்டாம், ஆனால் காரணமில்லாமல் திரும்ப எடுக்கவும் வேண்டாம்.

ரிப்போர்ட் வந்ததும் நான்கு கேள்விகள். துண்டின் தடிமன் எவ்வளவு? எலும்பின் போக்கில் திருப்பி அளந்தார்களா? எங்கிருந்து எங்கே வரை? இன்னொரு காதில் அதே அளவு எவ்வளவு? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதே ஆள், அதே மிஷின், அதே நாள் என்பதால், ஒரு காதில் மட்டும் கோளாறு இருக்கும்போது இன்னொரு காதை விடச் சிறந்த அளவுகோல் கிடையாது. ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து 0.2 மி.மீ. கூடியிருந்தால் 'வளர்ந்துவிட்டது' என்று எண்ண வேண்டாம். அது அளப்பதில் வரும் வித்தியாசமாகவே இருக்கலாம்.

இந்த எலும்புகளை அளந்து ஆய்வேடு எழுதப்போகும் மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. புள்ளிகளை எங்கே வைப்பது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, இடைவெளி விட்டு மறுபடி அளந்து, வித்தியாசத்தையும் பதிவு செய்யுங்கள். கல்லூரி உடற்கூறியல் துறையில் காய்ந்த எலும்பு கிடைத்தால், அதைக் காலிப்பரில் அளந்து, பிறகு ஸ்கேனில் அளந்து ஒப்பிடுங்கள்.

மற்ற எல்லோருக்கும் ஒன்று: ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஃபிலிமில் யாரும் படத்தைத் திருப்பி மறுபடி அளக்க முடியாது. மெல்லிய துண்டுகள் முழுவதும் உள்ள குறுந்தகட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள். சென்டர்கள் அந்தத் தரவைக் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால், இன்னொரு நிபுணர் புதிதாக அளந்து சொல்ல அது ஒன்றே வழி.