வேடந்தாங்கலுக்குப் போகும் பிள்ளைக்கு



மார்கழி விடுமுறையில் வேடந்தாங்கல் சென்றுவந்த விவரத்தையும், கண்ட பறவைகளின் ஜாபிதாவையும் எழுதியிருந்தாய், மிகுந்த சந்தோஷம். ஆயினும் அந்த ஜாபிதாவை நீட்டுவதிலேயே உன் உற்சாகமெல்லாம் செலவாகிவிடலாகாது. ஊர் ஊராக ஏரி தேடி ஓடாமல், வேடந்தாங்கல் என்னும் இந்த ஒரே ஏரியை ஒரு வருஷம் முழுவதும் பார்த்து வா என்பதே என் அபிப்பிராயம்.

வடகிழக்குப் பருவமழை பெய்து, ஏரியில் நீர் ஏறி, கடப்ப மரங்களின் அடி மூழ்கிய பிறகே கூழைக்கடாவும் நாரையும் வக்காவும் அங்கே தைரியமாகக் கூடு கட்டுகின்றன. மழை பொய்த்த வருஷத்தில் வருபவை சொற்பமே. ஆதலால் ஐப்பசியில் போனால், பறவையைத் தேடுமுன் நீர்மட்டத்தைப் பார்.

தை மாதத்தில் நத்தைகுத்தி நாரையின் கூடு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, தொலைநோக்கியை அதை விட்டு நகர்த்தாமல் இரு. பெரிய பறவை அலகை மூடியிருக்கும்போதும் நடுவே ஓர் இடைவெளி தெரியும்; குஞ்சுக்கு அது இராது, வளர வளரத்தான் உண்டாகும். அந்த அலகு நத்தையின் ஓட்டை நொறுக்குவதில்லை. கீழலகின் நுனியை உள்ளே செலுத்திச் சதையை அறுத்து வெளியே இழுக்கிறது. உச்சிவெயிலில் இறக்கையை விரித்தபடி குஞ்சுகளுக்கு நிழலாக நிற்பதையும் அப்போதுதான் காண்பாய்; என் ஆயுளில் இதற்கு நிகரான காட்சி வேறொன்றும் கண்டதில்லை.

ஊர்ப் பெரியவர்களிடம் அவசியம் பேசு. எச்சம் கலந்த ஏரிநீர் மதகு வழியே பாய்ந்து தங்கள் நெற்பயிருக்கு உரமாவதை அனுபவத்தில் அறிந்து, பறவைகளைச் சுடவிடாமல் காத்தவர்கள் அவர்களுடைய முன்னோர். 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் கௌல் என்னும் உரிமைப் பத்திரம் எழுதிக்கொடுத்து, பறவைகளைக் காக்கும் அவர்களுடைய உரிமையை அங்கீகரித்தார். 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இவ்வேரி இடம்பெற்றதற்கு மூலகாரணம் அவர்களே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சித்திரை கழிந்து பறவைகள் கலைந்தபின் போவது வீண் என்பார்கள், கேளாதே. நீர் வற்றிய ஏரியையும் சுற்றியுள்ள வயல்களையும் பார்த்தவனுக்கே அடுத்த ஐப்பசியின் அருமை விளங்கும்.

இன்னொன்று: படம் எடுப்பதற்காகக் கூட்டை நெருங்க யார் அழைத்தாலும் போகாதே. பெரிய பறவைகள் மிரண்டு எழுந்தால், முட்டையைக் காக்கை கொண்டுபோய்விடும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா