போதைப்பொருள் வழக்கின் மேல்முறையீடு: குறைவதும் குறையாததும்

காரைக்குடி வட்டாரத்தில் கஞ்சா வழக்கொன்றில் பத்தாண்டுச் சிறை என்று தீர்ப்பானால், ‘மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனால் பாதியாகக் குறைத்துவிடுவார்கள்’ என்ற ஆறுதல் மொழி உறவினரிடையே எழுவது இயல்பு. சிவகங்கை மாவட்ட வழக்குகளின் மேல்முறையீட்டைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2004 முதல் விசாரித்துவருகிறது என்ற அளவில் அம்மொழி சரியானது. எஞ்சிய பகுதி பெரும்பாலும் பிழையானது.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 2001-இல் திருத்தப்பட்ட பின்னர், பிடிபட்ட பொருளின் அளவைச் சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என மூன்றாகப் பிரித்து அதன்படியே தண்டனையை வகுக்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு; அதற்கு உச்சம் ஓராண்டு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. அதற்குக் குறைந்தது பத்தாண்டும் அதிகம் போனால் இருபதாண்டும் சிறையோடு, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்டதற்குப் பத்தாண்டு என்பது உச்ச வரம்பே தவிர, கீழ் வரம்பு எதுவும் இல்லை. ஆகவே வணிக அளவுக்குப் பத்தாண்டு பெற்றவருக்கு, முதல் குற்றம் என்பதோ குடும்ப வறுமையோ எவ்வளவு உருக்கமாக எடுத்துரைக்கப்பட்டாலும், குற்றத் தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை உயர் நீதிமன்றம் ஒரு மாதத்தைக்கூடக் குறைக்க இயலாது.

இதனால், வாதம் இரக்கத்திலிருந்து தராசுக்கு நகர்கிறது. சட்டத்தின் சொல் ‘20 கிலோவுக்கு மேல்’ என்பதால், சரியாக 20 கிலோ வணிக அளவாகாது. மேலும் கஞ்சா என்பது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளையே குறிக்கும். நுனியோடு சேராத இலையும் விதையும் அவ்வரையறைக்குள் வருவதில்லை. எனவே 21 கிலோ மூட்டையில் தனியே கிடந்த இலையும் விதையும் எவ்வளவு என்ற கேள்வி, பத்தாண்டுக் கட்டாயத்தையே அசைத்துவிடக்கூடும். ஆனால் இதே தர்க்கத்தை ஹெராயின் போன்ற கலவைப் பொருள்களுக்கு நீட்டி, தூய மருந்தின் எடையை மட்டும் கணக்கிட வேண்டும் என்று வாதிடும் வழியை, ஹீரா சிங் வழக்கில் 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. கலப்பின் எடையும் சேர்த்தே எண்ணப்படும்.

பத்தாண்டுக்கு மேற்பட்ட தண்டனையின் நிலை வேறு. அங்கே குறைப்புக்கு மெய்யாகவே இடமுண்டு. குஜராத் வழக்கொன்றில் 2012-இல் உச்ச நீதிமன்றம் பதினைந்தாண்டைப் பத்தாண்டாக்கியதோடு, அபராதம் கட்டத் தவறினால் கூடுதலாக அனுபவிக்க வேண்டிய மூன்றாண்டுச் சிறையையும் ஆறு மாதமாகக் குறைத்தது. இந்தப் பின்பகுதியைப் பலர் கேட்கவே மறந்துவிடுகின்றனர். லட்ச ரூபாய் திரட்ட முடியாத குடும்பத்துக்கு, தவறுதலுக்கான அச்சிறையும் தண்டனையின் நீளமேயாகும். அது குறைந்தபட்சத் தண்டனை விதிக்குக் கட்டுப்பட்டதன்று.

மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. தண்டிக்கப்பட்டவர் தாமே தொடுத்த மேல்முறையீட்டில் தண்டனையை உயர்த்தச் சட்டம் இடம் தருவதில்லை. மதுரைக் கிளையிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2025-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அரசு தனியாக மேல்முறையீடு செய்திருந்தால் மட்டுமே நிலைமை மாறும்.

மறுபுறம், அப்பீல் போட்டவுடன் ஜாமீன் கிடைத்துவிடும் என்பது மிகையான நம்பிக்கை. தண்டனையை நிறுத்திவைக்கும் நீதிமன்ற அதிகாரத்தை 2000-ஆம் ஆண்டின் தாது வழக்குத் தீர்ப்பு மீட்டுத் தந்ததாயினும், வணிக அளவு வழக்கில் மனுதாரர் குற்றமற்றவர் என்று கருதுவதற்கு நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் முதலில் மனநிறைவடைய வேண்டும். அண்ணா பிறந்த நாளில் வெளிவரலாம் என்ற எதிர்பார்ப்புக்கோ அவ்வளவு இடமும் இல்லை. இச்சட்டத்தின் 32-அ பிரிவு தண்டனைக் கழிவைத் தடுக்கிறது. விசாரணைக் காலத்தில் சிறையில் கழிந்த நாள்கள் மட்டும் தண்டனையில் ஈடுசெய்யப்படும்.

உயர் நீதிமன்றத்தை அணுக 60 நாள் அவகாசம் உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாத கைதி, சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம். காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீலை அமர்த்தித் தரும் கடமை சட்டப்பணிகள் குழுவுக்கு உண்டு.