தடித்துக் குறுகிய ஸ்டென்சில் எழுத்துருக்கள்: தேர்வுக்கு ஒரு வழிகாட்டி

தகட்டிலோ அட்டையிலோ எழுத்தின் வடிவத்தை வெட்டியெடுத்து, அந்தத் திறப்பின் வழியே வண்ணத்தைத் தெளித்துப் பதிக்கும் முறைக்காகப் பிறந்ததே ஸ்டென்சில் எழுத்து. ரோமன் எழுத்துகளில் ஏ, பி, டி, ஓ, ஆர் போன்றவற்றின் நடுவில் நான்கு புறமும் அடைபட்ட ஒரு வெளி உண்டு; அதை உள்வெளி எனலாம். எழுத்தை வெட்டும்போது உள்வெளித் துண்டு கழன்று விழாமல் இருக்க, அதை வெளித்தகட்டோடு சேர்த்துப் பிடிக்கும் ஒல்லியான பட்டை தேவைப்படுகிறது. அதற்குப் பாலம் என்று பெயர். எழுத்துருவின் தரம் பெரும்பாலும் இந்தப் பாலம் எங்கே, எந்த அகலத்தில் அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தடிமனும் குறுகலும் சேரும்போது சிக்கல் கூடுகிறது. நீண்ட பெயரைச் சிறிய இடத்தில் பெரிதாகக் காட்ட வேண்டிய சரக்குப் பெட்டிகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் இந்த வகை பொருந்துவது உண்மையே. ஆனால் எழுத்து தடிக்கத் தடிக்க, அகலம் குறையக் குறைய, உள்வெளி வெறும் பிளவாகச் சுருங்கிப் பாலத்தின் அளவுக்கே வந்துவிடுவதால், எது எழுத்தின் உறுப்பு, எது வெட்டுக்காக விட்ட இடைவெளி என்று கண் தடுமாறுகிறது. மேலும் கீழும் நடுவில் பாலம் வைத்த ஓ என்ற எழுத்து, அருகருகே நிற்கும் இரண்டு தூண்களாகத் தெரிவது இதனால்தான். ஆயினும் தகட்டை வெட்டுபவருக்கு அந்த அமைப்பே ஏற்றது: நீண்ட ஒல்லியான உள்வெளித் துண்டை நடுவில் மட்டும் பிடித்தால் அதன் இரு முனைகளும் காற்றழுத்தத்தில் தூக்கிக்கொண்டு, அடியில் வண்ணம் கசியும். படிப்பவரின் வசதியும் வெட்டுபவரின் வசதியும் இங்கே எதிரெதிராக நிற்கின்றன.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது, எழுத்து உண்மையிலேயே வெட்டப்படப் போகிறதா, ஸ்டென்சில் தோற்றம் மட்டும் போதுமா என்பதே. தோற்றத்துக்கென்றால் பாலம் எவ்வளவு மெலிந்தாலும் தாளில் அச்சாகும். வெட்டுவதற்கென்றால் அளவு மாறும்போது கணக்கும் மாறும்: எழுத்தின் உயரத்தில் 4 விழுக்காடு அகலமுள்ள பாலம், 200 மில்லிமீட்டர் எழுத்தில் 8 மில்லிமீட்டராக உறுதியாக நிற்கும், 20 மில்லிமீட்டர் எழுத்தில் அதுவே 0.8 மில்லிமீட்டராகி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் எளிதில் கிழியும்.

கிடைக்கும் எழுத்துருக்களில் பெயர் பெற்றது, 1937இல் அமெரிக்காவில் ஜெரி பவல் வடிவமைத்த 'ஸ்டென்சில்'. அதே ஆண்டில் ராபர்ட் ஹன்டர் மிடில்டனும் அதே பெயரில் ஒன்றை வெளியிட்டார். பவலின் எழுத்துரு பெரிய எழுத்துகள் மட்டுமே கொண்டது, அகலமானது, இராணுவப் பெட்டியின் வாடை வீசுவது. குறுகிய இடத்துக்கு அது ஏற்றதல்ல. அதைக் கணினியில் பக்கவாட்டில் நெருக்கிக் குறுக்குவது பரவலான வழக்கம். அப்போது நெடுங்கோடுகள் மெலிந்து, கிடைக்கோடுகள் பழைய தடிமனிலேயே நின்று, மேல்கீழாக ஓடும் பாலங்களும் ஒடுங்கிவிடுவதால், அவ்வழக்கத்தைக் கைவிடுவதே நல்லது. பால் ரென்னரின் 'ஃபூச்சுரா பிளாக்' 1929இல் வந்தது. கனத்த துண்டுகளை அடுக்கிய அதன் வடிவம் ஒற்றைச் சொல் தலைப்பில் மிளிர்ந்தாலும், அறிவிப்புப் பலகையில் படிக்கத் திணறடிக்கும்.

இப்போதைய தேவைக்கு நெருங்கிவருவது சிகாகோ நகரத்தை மனத்தில் கொண்டு உருவான 'பிக் ஷோல்டர்ஸ் ஸ்டென்சில்'. தொடக்கத்திலிருந்தே குறுகலாக வரையப்பட்டதாலும், சிறிய எழுத்துகளும் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை பல எடைகளும் இருப்பதாலும், திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பதாலும் பெரும்பாலோருக்கு இதுவே போதும். தாளில் தலைப்பாக அச்சிட மிகத் தடித்த எடையையும், வெட்டித் தெளிக்க அதற்கு ஒரு படி குறைந்த எடையையும் கொள்வது நலம். அந்த ஒரு படியில் உள்வெளி மூச்சுவிட இடம் பெறுகிறது. 'சைரா ஸ்டென்சில் ஒன்' ஒரே எடையுள்ளது, இவ்வளவு குறுகியதும் அல்ல. இடம் நெருக்காத பலகைக்கு அது தெளிவாக இருக்கும்.

இவற்றில் எதிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழில் வேண்டுவோர், அகலத்தையும் தடிமனையும் விருப்பப்படி மாற்ற இடந்தரும் 'அனேக் தமிழ்' போன்ற திறந்த உரிம எழுத்துருவை எடுத்துப் பாலங்களைத் தாமே வெட்டிக்கொள்ளலாம். மாற்றியமைக்க அவ்வுரிமம் அனுமதிக்கிறது. ப, ட, ய ஆகியவை திறந்த வடிவங்கள் என்பதால் அவற்றுக்குப் பாலமே வேண்டாம். ம, வ, ன போன்றவற்றின் சுழிகளுக்கு வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடையிலுள்ள இடமும் தகட்டில் ஒரு பாலமே என்பது பலர் கவனிக்காத ஒன்று. அங்கே நெருக்கினால் புள்ளியும் எழுத்தும் ஒன்றாகக் கிழிந்துவிடும். ண என்ற எழுத்து ரோமன் எழுத்துகளைப் போலக் குறுக்கலைத் தாங்காது என்பதால், இருமொழிப் பலகையில் தமிழைச் சற்று அகலமாகவே விடுவது தகும்.

எந்த எழுத்துருவைக் கொண்டாலும், தகட்டை வெட்டும் முன் 0, 8 என்ற எண்களையும் டி, ஓ, பி என்ற ரோமன் எழுத்துகளையும் உண்மை அளவில் அச்சிட்டு, படிக்கப்படும் தொலைவிலிருந்து பார்க்க வேண்டும். அவற்றுள் இரண்டு ஒன்றாகத் தோன்றினால் அந்த எழுத்துருவை விட்டுவிடுவதே சிக்கனம்.